அவள் உட்கார்ந்தால் எரியும் விளக்கு

சாவியைத் திருப்பியதும் எரிந்திருக்க வேண்டிய விளக்கு எரியவில்லை. கரண்டுக்காரரின் மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் எரிந்தது.

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்த கரண்டுக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் மச்சினனுடையது. அதன் எஞ்சின் கம்ப்யூட்டர் புகைந்துபோனதால், காயலான் கடையில் கிடந்த வேறொரு வண்டியுடையதை வாங்கி மாட்டியிருந்தார். எஞ்சின் ஓடிவிட்டது. கோளாறு வந்தால் எச்சரிக்கிற மஞ்சள் விளக்குக்குத்தான் புதுக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. சாவி போட்டால் எரிய வேண்டும், எஞ்சின் ஓடினால் அணைய வேண்டும். அந்த விளக்கின் பிழைப்பே அவ்வளவுதான்.

"ஏம்மா, கொஞ்சம் இறங்கு."

இறங்கினாள். அணைந்தது.

"ஏறு."

எரிந்தது.

"என்னங்க, ஊஞ்சல் விளையாட்டா இது? காலைல ஆபரேஷன். அம்மாவ உள்ள கொண்டுபோறதுக்குள்ள நான் முகத்தைக் காட்டணும்."

"எர்த் எங்கயோ ஆடுது. நீ உக்காந்தா பாடி சாயுது, அதான்."

"அக்கா வெயிட்டுக்கே ஆடுதுன்னா என் வெயிட்டுக்கு கழண்டு விழுந்துடுமே மாமா!" என்று மச்சினன் அதே சீட்டில் தொப்பென்று விழுந்தான். ஸ்பிரிங்குகள் முனகின. விளக்கு இருட்டாகவே இருந்தது. அவனை எழுப்பிவிட்டு லாரி பேட்டரியைத் தூக்கி வைத்தார், அதன்மேல் ஜாக்கியையும் வைத்தார். இருட்டு. மனைவி உட்கார்ந்தாள். மஞ்சள்.

கரண்டுக்காரர் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. ஒருமுறை பட்டறைக் கூரையில் மின்னல் இறங்கியபோது, "வோல்டேஜ் கொஞ்சம் கூடுதல்" என்று சொல்லிவிட்டு மீதி டீயையும் குடித்து முடித்தவர். அப்படிப்பட்டவருக்கு இப்போது, தகரக் கூரைமேல் மழை ஓயாமல் கொட்டுகிற சத்தத்துக்கும் எண்ணெய், ரப்பர், ஈயப்பற்று நாற்றத்துக்கும் நடுவே, எந்த வண்டியிலும் அவர் மோந்திராத ஒரு வாடை மெல்ல மெல்ல எழுந்துவருவது போலிருந்தது. பாசி வாடை.

"இந்த சீட்டு ஏங்க ஈரமா இருக்கு?"

தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் கிடந்தது. அவள் முதுகுப் பக்கத் துணிதான் சொட்டச்சொட்ட நனைந்திருந்தது.

"மழைல வந்தேல்ல, அதான்" என்றார். அவள் குடை பிடித்துக்கொண்டு வந்தது அவருக்குத் தெரியும்.

காயலான் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. "ஆத்துல முங்குன வண்டி அண்ணே. ஓட்டுனவரு நீந்தி கரையேறிட்டாரு. பக்கத்து சீட்டு அம்மாதான் கடைசி வரைக்கும் கிடைக்கல. ஆனா கம்ப்யூட்டர்ல ஒரு சொட்டுத் தண்ணி ஏறல, நம்பி எடுத்துட்டுப் போங்க." நம்பித்தான் எடுத்து வந்தார். மூடியைக் கழற்றியதும் கொஞ்சம் வண்டல் மண் உதிர்ந்தது. வாயால் ஊதிவிட்டு மாட்டினார்.

மாமியார் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

'வேண்டாம், பஸ்ஸில் போங்கள்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏன் என்று கேட்பார்களே! விளக்கு எரிகிறது, அதனால் பஸ்ஸில் போ என்றா சொல்வது? மச்சினன் அதை இனி வருகிற கல்யாண வீடுகளிலெல்லாம் நடித்துக் காட்டுவான். பயத்தைவிட வெட்கம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது. கரண்டுக்காரர் கட்டரை எடுத்தார்.

அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வெளியில் சொல்லாத வேலை ஒன்று உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து வரும் கம்பியை நறுக்கிவிட்டு, மஞ்சள் விளக்கைப் பக்கத்திலிருக்கும் பேட்டரி எச்சரிக்கை விளக்கோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள். அப்புறம் அது சாவி போட்டால் எரியும், எஞ்சின் ஓடினால் அணையும். பார்க்கிறவர்களுக்கு நல்ல விளக்கு. கம்ப்யூட்டர் தொண்டை கிழியக் கத்தினாலும் அதற்குக் கேட்காது.

நறுக்கினார். முறுக்கினார். டேப் சுற்றினார். மனைவி உட்கார்ந்தாள். எஞ்சின் உறுமியது, விளக்கு சமர்த்தாக அணைந்தது.

"பாத்தியாக்கா? மாமா கை பட்டா பொணமும் எந்திரிச்சு உக்காரும்!"

"வாய மூடிட்டு ஓட்டுடா" என்றாள் அவள். பிறகு கண்ணாடியை இறக்கி, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன், மறந்துடாதீங்க" என்றாள்.

பின்விளக்குகள் மழையில் கரைந்தன.

அவர் சாமான்களை ஒதுங்கவைத்தார். ஸ்பேனர்களைத் துடைத்தார். ஜாக்கியைத் தள்ளினார். பாசி வாடை வண்டியோடு போகவில்லை. பட்டறையிலேயே இருந்தது.

சுவரில் மஞ்சள் வெளிச்சம்.

திரும்பினார். ஆணியில் டெஸ்ட் லேம்ப் தொங்கியது. கரண்டு வருகிறதா என்று பார்க்கிற சாதாரண பல்பு. அதிலிருந்து இரண்டு கம்பிகள். இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எதிலும் மாட்டவில்லை.

எரிந்தது.

போனை எடுத்தார். விரல் வழுக்கியது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

"பாலத்து மேல ஏறிட்டோம். என்னங்க?"

"வண்டிய நிறுத்தச் சொல்லு. நீ இறங்கு. உடனே இறங்கு!"

"கேக்கல... கால்ல தண்ணிங்க. கண்ணாடியெல்லாம் மூடித்தான் இருக்கு, எங்கேருந்து—"

அவ்வளவுதான்.

மறுபடி அடித்தார். மணி போகவில்லை. மறுபடி. இல்லை.

பல்பின் கண்ணாடிக்குள், அடியில், கலங்கலாக ஏதோ தேங்கியது. கிட்டே போனார். தண்ணீர். விரிசல் இல்லை, ஓட்டை இல்லை. ஏறியது. மெதுவாக ஏறியது. எரிகிற இழையைத் தொட்டது. மூடியது. இழை அணையவில்லை.

உள்ளேயிருந்து ஒரு குமிழி மேலே வந்தது.

இன்னொன்று.

பிறகு, வெகுநேரம் கழித்து, சின்னதாக ஒன்று.

அதற்குப்பிறகு வரவில்லை.

"இறங்கும்மா" என்றார் கரண்டுக்காரர், பல்பைப் பார்த்து. "இறங்கிடும்மா."

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.