குழாய்ச் சத்தம்

நவம்பர் மாதம் பதினாறாம் தேதி, பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில், ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்கவில்லை என்று சொன்னார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் மருமகளின் முகம் பார்த்துப் பேசவில்லை. காரணம் அறிய எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வரும் நாள் காலையில் மாமியார்தான் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதியே, எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு அழக்கூடாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டாளே என் பொண்ணு..."

குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த மருமகளின் விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை.

நாத்தனார் மாடி அறையில் கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துபவள். தாய் நினைப்பதெல்லாம் கருவின் மனதில் பதியும் என்று கற்றுக்கொண்டு வந்து, அதை மனதார நம்பியவள். அப்பா இறந்தபோது மருமகளுக்கு ஏழாம் மாதம். "போகாதீங்க அண்ணி, அந்தத் துக்கம் பிள்ளைக்குள்ள இறங்கிடும்" என்று நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்காக மருமகள் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டாள். அழுதது குளியலறையில் அந்த ஒரே தடவைதான். அதுவே பிள்ளையின் காதை அடைத்துவிட்டது என்று நம்பி, இத்தனை நாளாகக் கூனிக் குறுகிக் கிடந்தாள்.

"நானும் வரேன் அண்ணி. மனசு ஸ்டெதாஸ்கோப்ல கேக்காதுல்ல, அதான் டாக்டருங்களுக்கு நம்ம பயிற்சின்னாலே இளக்காரம். நானே நேரா கேக்கறேன்" என்று நாத்தனார் கிளம்பினாள்.

தாய் அழுதது பிள்ளையின் காதைப் பாதிக்காதா என்று மருத்துவமனையில் கேட்டாள். டாக்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க சோதிச்சுப் பாத்தாங்களாம்மா? மாசக்கணக்கா மனசு நொந்து கிடந்தா உடம்புக்கு ஆகாது, அது வேற. அழுததால காது போச்சுன்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல. இது அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலேருந்தும் வந்த மரபணுக் குறை. இவங்க பத்து மாசமும் சிரிச்சுக்கிட்டே இருந்திருந்தாலும் இப்படித்தான் பிறந்திருக்கும்."

மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்போ... தினமும் வயித்தைத் தடவிக்கிட்டுப் பாடினேனே டாக்டர். அது?"

"கேட்டிருக்காதும்மா."

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் நடந்ததைத் தாயிடம் சொன்னாள். பிறகு மருமகளின் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா முகத்தைப் பாக்க விடாம பண்ணிட்டேன் அண்ணி. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறது..."

மருமகள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். மாமியார் பின்னாலேயே வந்து அதை மூடினாள்.

"வெளியில வாம்மா. கூடத்துல உக்காந்து அழு. உங்கப்பாவுக்காக நீ அழறதை நாங்க கேக்கணும்."

மாமியாரின் தோளில் முகம் புதைத்து மருமகள் சத்தமாக அழுதாள். குழந்தை திரும்பிப் பார்க்காமல் விளையாடிக்கொண்டிருந்தது.

மாலையில் வகுப்புக்கு வந்தவர்களிடம், இனி வகுப்பு இல்லை என்றாள் நாத்தனார். காரணம் கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னாள்.