பீரோவில் தூங்கிய ஷூ

அந்த ஷூ எட்டு மாதமாகப் பீரோவின் மேல்தட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

"விலை நாளுக்கு நாள் ஏறுது. இப்பவே வாங்கிட்டா லாபம். ஓட்டப்பந்தயத்தன்னிக்குப் போட்டுக்கட்டும்" என்று அப்பாதான் வாங்கி வந்தார். அம்மா அதைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, பெட்டியைப் பைக்குள் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த வீட்டுப் பெண்ணுக்குப் புயல் என்று பெயர். வைத்த பெயர் வேறு. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடுகிறவளை அந்த நான்கு மாடிக் குடியிருப்பே அப்படித்தான் கூப்பிட்டது.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஷூ பளபளவென்று வெளியே வந்தது. புயல் காலை நுழைத்தாள். நுழையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைத்தாள். குதிகால் வெளியிலேயே நின்றது.

"மூச்சைப் பிடிச்சா கால் எப்படிடி சின்னதாகும்?" என்றாள் அம்மா. சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் யோசிச்சு வாங்கினேன். கால் வளரும்ங்கறதை மட்டும் மறந்துட்டேனே!"

பழைய ஷூவோ முதலையைப் போல வாயைப் பிளந்திருந்தது. பள்ளி மைதானம் முழுக்கச் சரளைக்கல். ஷூ இல்லாதவர்களை விளையாட்டு ஆசிரியர் ஓட விடமாட்டார். கடையில் இப்போது விலை இரண்டு மடங்கு. இந்த மாதம் வாடகை வேறு ஏறியிருந்தது. அப்பா பஸ்ஸை விட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்தே போனார். கேட்டால், "தொப்பை குறையணும்ல!" என்பார்.

"எப்படியாவது நாளைக்கு வாங்கிடலாம்" என்றார் அப்பா.

அந்த 'எப்படியாவது' புயலுக்குப் பிடிக்கவில்லை. அம்மா மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டி வைத்திருந்தாள். ஷூ வந்தால் புதுக் கண்ணாடி இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்கப்பா" என்றாள் புயல்.

விலை எல்லார் வீட்டிலும்தானே ஏறுகிறது? கால் எல்லாருக்கும்தானே வளர்கிறது?

அவள் இரண்டாவது மாடிக்கு ஓடினாள். "அத்தை, உங்க வீட்டுல சின்னதாப் போன ஷூ, துணி ஏதாவது இருக்கா? மாத்திக்கலாமா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று நர்ஸ் அத்தை கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது மாடி வாத்தியார் மாமா, "நாங்க அப்பப்பப் புதுசே வாங்கிடுவோம்" என்றார். அவர் பின்னால் நின்ற ஒல்லி மகன், எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிறவன், கணுக்காலுக்கு மேலே ஏறிப்போன கால்சட்டையை மெல்லக் கீழே இழுத்துவிட்டான்.

புயல் அதைப் பார்த்துவிட்டாள். எல்லாரிடமும் இருக்கிறது. முதலில் சொல்லத்தான் கூச்சம். சரி, முதலில் நாமே சொல்லிவிட்டால் என்ன?

ஷூவைக் கொண்டுபோய்ப் பொதுப் படிக்கட்டில் வைத்தாள். பக்கத்தில் ஓர் அட்டை. 'புத்தம் புதுசு. என் கால் வளர்ந்துவிட்டது. சரியாக இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குச் சின்னதானதை இங்கே வையுங்கள். இப்படிக்கு, புயல், முதல் மாடி.'

"ஐயோ, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று அம்மா பதறினாள்.

"நாலு பேர் பார்க்கணும்னுதாம்மா வைக்கிறேன்!"

மறுநாள் காலையில் ஷூவைக் காணவில்லை. பதிலுக்கு ஒன்றுமே இல்லை. வெறும் படி. புயல் உதட்டைக் கடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அன்று பாடம் எதுவும் காதில் ஏறவில்லை.

மாலையில் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டிரண்டாகத் தாண்ட வழியே இல்லை. படிக்குப் படி ஏதாவது ஒன்று இருந்தது! மழைக்கோட்டு, சீருடை, புத்தகப் பை, குட்டி ஸ்வெட்டர். நர்ஸ் அத்தையின் சின்ன மகள் புயலின் புது ஷூவைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று குதித்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டடைக்குச்சி ஒரு கறுப்பு ஷூவை நீட்டினான். "பிறந்தநாளுக்கு வாங்கினது. ரெண்டே தடவைதான் போட்டேன். அதுக்குள்ள நான் வளர்ந்துட்டேன்."

"உன் கால்சட்டை?"

"நாலாவது மாடி அண்ணன் வெச்சது. தரையைத் தொடுது பாரு!" என்று பெருமையாகக் காட்டினான்.

புயல் ஷூவுக்குள் காலை விட்டாள். மூச்சைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பந்தயத்தில் விசில் ஊதியதுதான் தெரியும். சரளைக்கல் பறந்தது. கயிற்றை முதலில் தொட்டவள் புயல்தான்!

"ஜெயிச்சது என் ஷூ! என் ஷூ!" என்று ஒட்டடைக்குச்சி தொண்டை கிழியக் கத்தினான்.

"அப்போ உன் ஷூவுக்கு மெடலை மாட்டிவிடு. என் கழுத்து சும்மாவே இருக்கட்டும்!" என்று புயல் மூச்சிரைக்கச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கடைசிப் படியில் ஒரு பேன்ட் மடித்து வைத்திருந்தது. மேலே ஒரு சீட்டில் அப்பாவின் கையெழுத்து. 'எனக்குச் சின்னதாகிவிட்டது.'

"நடந்தா தொப்பை குறையும்னீங்களே, என்னாச்சு?" என்றாள் அம்மா.

பின்னாலேயே இறங்கி வந்த அப்பா வயிற்றைத் தடவிக்கொண்டார். "இதுவும் விலைவாசி மாதிரிதான். ஏறினது இறங்க மாட்டேங்குது!"

நான்கு மாடிக்கும் கேட்கிற மாதிரி அம்மா சிரித்தாள். கண்ணாடி அசையக்கூட இல்லை.