ஆகஸ்டுக்குள் காய்ந்துவிடும்

மலாக்கியின் முதல் போன் வந்தபோது நான் ஜன்னல் திரைகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். சோப்பு நுரையோடு ஓடிவந்து எடுத்தேன்.

"ரோசலீன்தானே? மலாக்கி பேசறேன், பாஸ்டன்லருந்து. நம்ம ஊருக்கு வரலாம்னு இருக்கேன். உன் வீட்டுல அறை கிடைக்குமா?"

அந்தக் குரலைக் கேட்டு நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அமெரிக்க இழுவை சேர்ந்திருந்தது. மற்றபடி, உலகமே தனக்காகக் காத்திருக்கிறது என்கிற அந்தத் தோரணை அப்படியே இருந்தது.

என் அக்கா டெலியாவைக் கட்டிக்கொள்ள இருந்தவர் அவர். கல்யாணத் துணி தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா காணாமல் போனாள். அவளுக்கு வேறு எவனோ இருக்கிறான், அவனோடு இங்கிலாந்துக்குப் போகிறாள், டப்ளின் பஸ்ஸில் தானே ஏற்றிவிட்டதாக மலாக்கி எங்கள் சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஓட்டிய கோர்மக்கும், ஆமாம், பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று சத்தியம் செய்தான். இரண்டு ஆண்கள் சொல்லிவிட்டால் எங்கள் டூன்கர்ரி ஊருக்குப் போதும். எங்களுடையது 'ஓடிப்போனவள் வீடு' ஆகிவிட்டது.

அம்மா சாகும்வரை கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். தன் கல்லறைக் கல்லில் தன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் விடச் சொல்லிவிட்டுச் செத்தாள். அந்த வெற்றிடத்தைத்தான் நான் வருடாவருடம் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா இருக்கிறாளா, இல்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று கடவுளிடம் கேட்டு எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான். வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் நான்; அறை இருக்கிறது என்றேன். குளிர்காலத்தில் அவருடைய அண்ணன் இறந்திருந்தார். அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டு, ஜூனிலேயே கூட்டமில்லாமல் வந்து போய்விடுவதாகச் சொன்னார்.

சில நாள் கழித்து மறுபடியும் போன்.

"ஜூன் வேண்டாம் ரோசலீன். ஆகஸ்டுக்கே வரேன். உங்க வீட்டுப் பொண்ணு சொன்னதுதான் சரி. கல்லறை மந்திரிப்பு அன்னைக்கு எங்க கல்லறைக்கிட்ட ஒருத்தருமே நிக்கலைன்னா ஊர் சிரிக்கும்."

அது உண்மைதான். ஆகஸ்டு கடைசி ஞாயிறு பாதிரியார் கல்லறைகளை மந்திரிக்கும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறை பக்கத்தில் நிற்கும். ஆளில்லாத கல்லறையைப் பற்றி அடுத்த வருடம் வரை பேசுவார்கள்.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"நேத்து போன் எடுத்தாளே, அவதான். 'ஜூன்ல வராதீங்க, ஆகஸ்ட்ல வாங்க, அதுக்குள்ள காஞ்சிடும்'னா. என்ன காயணும்னு கேட்டேன், சிரிக்கறா. நல்ல குறும்புக்காரிதான் வச்சிருக்கே வேலைக்கு."

நான் வேலைக்கு ஆள் வைத்ததே இல்லை. நேற்று முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு அத்லோன் டவுனுக்குப் போயிருந்தேன்.

வயதாகிவிட்டது, வேறு எந்த விடுதிக்கோ போன் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மூன்றாவது போன் வந்தது.

"பின்பக்க அறையே போதும். சதுப்பு நிலம் தெரியற ஜன்னல்னு அந்தப் பொண்ணு சொன்னா. படுக்கையெல்லாம் போட்டாச்சாமே?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "எங்க கரிமண் நிலத்துல யாரும் கை வைக்கலையே?"

"எனக்குத் தெரியலையே. ஏன்?"

"சும்மாதான். அப்பா அடுப்புக்குக் கரிமண் வெட்டின இடம். அப்படியே கிடக்கட்டும்."

பின்பக்க அறை அக்காவுடையது. அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. வருடத்தில் ஒருமுறை தூசி தட்டுவதோடு சரி. மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தேன்.

படுக்கை விரித்திருந்தது. போர்வையின் முனைகள் அம்மா சொல்லிக்கொடுத்தபடி உள்ளே மடித்துச் செருகியிருந்தன. அறை முழுக்க ஒரு பச்சை வாசனை. சதுப்பில் வளரும் ஒரு செடியின் கிளைகளைத் துணிகளுக்கு நடுவே பூச்சி வராமலிருக்கப் போடுவோம். அக்காவின் கோட்டில் எப்போதும் அந்த வாசனை வரும். அவள் போனபிறகு அதை நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை.

கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து, கொதிக்கக் கொதிக்க டீ குடித்தேன்.

ஜூலையில் ஃபின்டன் டிராக்டரோடு வந்தான். ஊரில் பாதிப் பேருக்குக் கரிமண் வெட்டிக் கொடுப்பவன் அவன்தான். சதுப்பில் மெஷினால் வெட்டி, கோடை முழுக்க வெயிலிலும் காற்றிலும் போட்டால், அடுப்புக்கான கட்டி தயார்.

"உனக்குக் கட்டி வேணுமாக்கா? இந்த வருஷம் மலாக்கியோட நிலத்துல இறங்கிட்டேன். அண்ணன்காரர் இருந்தவரைக்கும் கிட்ட விடமாட்டாரு. நாற்பது வருஷமா கை படாத மண்ணு, சும்மா தங்கம் மாதிரி எரியும்."

"அவரு வராருடா. கேட்டா கத்துவாரு."

"வரட்டுமே. சொந்த நிலத்துக் கட்டியிலேயே நெருப்பு மூட்டி வரவேற்கலைன்னா என்னக்கா மரியாதை? உங்க அம்மா இருந்திருந்தா செஞ்சிருப்பாங்கல்ல?"

செய்திருப்பாள். வெளிநாடு போனவன் திரும்பி வந்தால், அவன் நிலத்துக் கரிமண்ணின் புகைதான் முதலில் அவன் முகத்தில் பட வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. மலாக்கி போனில் சொன்னதை வெறும் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு ஒரு வண்டி இறக்கச் சொன்னேன். கட்டிகளை அடுக்கும்போது சிலவற்றில் சிவப்பு நார் ஓடியிருந்தது. ஏதோ வேர் என்று நினைத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தன.

மந்திரிப்புக்கு முதல் நாள் மத்தியானம் அவர் வந்து இறங்கினார். காலையிலிருந்தே பனிமூட்டம். எதிரே இருக்கும் கோயில் கோபுரம்கூடத் தெரியவில்லை. நல்ல கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, எண்பதை நெருங்கினாலும் நிமிர்ந்த நடை. என் கன்னத்தில் முத்தமிட்டு, "அப்படியே அம்மா மாதிரி இருக்கே" என்றார். அம்மாவைப் பற்றி அந்த வாய் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க அந்தப் பொண்ணு?"

"இங்க யாரும் இல்ல மலாக்கி. நான் மட்டும்தான்."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

ரொட்டியும் பன்றியிறைச்சியும் டீயும் கொடுத்தேன். குளிர்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் ஏறினேன். அவர் கேட்ட பின்பக்க அறையின் கணப்பு அடுப்பில் நான் மூட்டிய நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன வாசனை இது?"

"கரிமண் வாசனையே மறந்துபோச்சா? உங்க நிலத்துக் கட்டிதான். ஃபின்டன் வெட்டினான்."

கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் வெட்டினான்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அணை அதை. அணைன்னு சொல்றேன்ல!"

கீழே போன் அடித்தது. இந்த மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போய் எடுத்தேன்.

"ஹலோ?"

மண்ணுக்குள் தண்ணீர் ஊறுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஹலோ, யாரு?"

"ரோசி."

என்னை ரோசி என்று கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான்.

"அவரு வந்துட்டாரா ரோசி?"

அதே குரல். ஒரு நாள்கூட வயது கூடாத குரல்.

"நான் பஸ் ஏறலடி."

இணைப்பு அறுந்தது.

படிக்கட்டைப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீரில் பதிந்த வெறுங்கால் தடங்கள். சின்னப் பாதம்.

எல்லாம் மேலே ஏறிப்போன தடங்கள். இறங்கியது ஒன்றுகூட இல்லை.

அந்தச் செடியின் வாசனை படியெங்கும் கனத்துக் கிடந்தது. ஏறினேன். என் அக்கா அங்கே இருக்கிறாள் என்றால் நான் போகாமல் யார் போவது?

மலாக்கி நெருப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூஜாத் தண்ணீரை அடுப்பில் கொட்டியிருந்தார். கல்லெல்லாம் நனைந்து கிடக்க, நெருப்பு மட்டும் அசையாமல் எரிந்தது. புகை மேலே போகவில்லை. தரையோடு தரையாக ஊர்ந்துவந்து அவர் கால்களைச் சுற்றியிருந்தது.

"எழுந்திருக்க முடியல ரோசலீன். காலைப் புடிச்சிருக்கா."

"யாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க அக்கா எங்க?"

"ரோசலீன், கெஞ்சிக் கேக்கறேன்..."

"எங்க?"

"பிர்ச் மரத்துக்கிட்ட. நிலத்தோட கோடியில." அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "அமெரிக்கா வரமாட்டேன்னா. அம்மாவையும் உன்னையும் விட்டுட்டு வரமாட்டேன், கல்யாணமே வேண்டாம்னா. கோவத்துல தள்ளினேன். தலை கல்லுல பட்டுச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

"கோர்மக்?"

"அவன்தான் குழி தோண்டினான். மூடும்போது... அவ கை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அவன் மூடுன்னான்."

புகை அவருடைய முழங்காலுக்கு ஏறியது.

"நெருப்பை வாரி வெளிய கொட்டு ரோசலீன். உனக்குப் புண்ணியமாப் போகும். சீக்கிரம்!"

இடுக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரும்பு வாளியும் இருந்தது. ஒரு நிமிட வேலை. கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகு எனக்கு ஞாபகம் வந்தது. யார் எதிரே வந்தாலும் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போன அம்மா.

கூடையிலிருந்து இரண்டு கட்டிகளை எடுத்தேன். சிவப்பு நார் ஓடியவை. எங்கள் வழக்கப்படி ஒன்றோடொன்று சாய்த்து நெருப்பில் நிறுத்தினேன்.

"குளிருதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அவர் அலறவில்லை. சேற்றிலிருந்து பூட்ஸை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் மெல்லிய சிரிப்பு.

சாயங்காலம் டாக்டர் வந்தார். நாற்காலி காய்ந்திருந்தது, கம்பளம் காய்ந்திருந்தது, படிக்கட்டில் ஒரு தடமும் இல்லை. மலாக்கியின் உடலைத் தூக்கியபோது வாயிலிருந்து சதுப்பின் பழுப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மாரடைப்பு என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார்.

மறுநாள் மந்திரிப்பில் மலாக்கி குடும்பத்துக் கல்லறையின் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

சாகும் முன் மலாக்கி சொன்ன இடத்தைப் போலீஸிடம் சொன்னேன். கோர்மக் பெயரை மட்டும் சொல்லவில்லை. பிர்ச் மரத்தடியில் அக்கா இருந்தாள். எங்கள் சதுப்பு எதையும் அழுகவிடாது. பச்சைக் கோட்டு, மூடிய கண்கள், கழுத்துக்குக் கீழே துண்டாகியிருந்த சிவப்புத் தலைமுடிப் பின்னல். ஃபின்டன் என் தோளில் விழுந்து குழந்தை மாதிரி அழுதான்.

"அந்தக் கோடி வரைக்கும் மெஷினை விட்டேன்க்கா. வேருன்னு நினைச்சேன். சத்தியமா வேருன்னுதான் நினைச்சேன்."

அக்காவை அம்மாவோடு வைத்தோம். கல்லில் அவள் பெயரைப் பொறித்தார்கள். ஓடிப்போனவள் என்று சொன்ன வாய்களெல்லாம் வரிசையில் வந்து என் கையைக் குலுக்கின. நான் இப்போது கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறேன். இனி அவள் தூங்குவாள் என்றுதான் நானும் நம்பினேன்.

நவம்பரில் போன் வந்தது. கிழட்டுக் குரல், மூச்சிரைப்பு.

"ரோசலீனா? நான் கோர்மக். இங்கிலாந்துல கவென்ட்ரியிலருந்து. வரவே கூடாதுன்னுதான் இருந்தேன்மா. ஆனா உங்க வீட்டுப் பொண்ணு தினமும் போன் பண்றா. நம்பரை மாத்தினேன், அப்பவும் பண்றா. வந்துடறேன்னு சொல்லு. நிறுத்தச் சொல்லு."

"சொல்றேன்."

"அறை... அறை இருக்கா?"

கொட்டகையில் கட்டிகள் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தன. அவற்றில் சிவப்பு நார் ஓடியவற்றை நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், தலைக்கு மேலே பின்பக்க அறையில் யாரோ படுக்கை விரிப்பை உதறுகிற சத்தம் கேட்டது.

"தயாரா இருக்கு, வாங்க" என்றேன்.