சந்தை முனையில் நாற்பத்தெட்டு விநாடி

மேசையின் தலைமாட்டில் பிரிவுத் தலைவி. அவருக்கு வலப்புறம், சுவரோடு ஒட்டி, ‘ரவுண்டானா’. எதிரே கதவோரம் அவனுடைய சகலை ‘சிக்னல்’. ரவுண்டானாவின் தோளில் கை போட்டபடி பக்கத்து நாற்காலியில் அவனுடைய பள்ளித் தோழன் ‘புத்தகம்’. போக்குவரத்துப் பிரிவில் வேலையும் குணமும்தான் பெயர்.

பிற்பகல் மூன்று மணி. திரையில் எண் வந்ததும் ரவுண்டானாவின் முகம் வெளுத்தது.

சந்தை முனை ரவுண்டானாவுக்குள் நுழைய ஒரு வண்டி சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும்? காலையில் அவன் போட்ட கணக்கு பத்தொன்பது விநாடி. இப்போது திரையில் நாற்பத்தெட்டு. நாற்பதைத் தாண்டினால் இடித்துவிட்டு சிக்னல் போடுவார்கள். அவனுடைய ஓராண்டு உழைப்பும், வரவேண்டிய பதவியும் மண்ணாகிவிடும். மதிப்பீட்டுக் கடிதம் ஐந்து மணிக்குள் நகராட்சிக்குப் போயாக வேண்டும்.

“சாப்பாட்டு நேரத்துல யாரோ கை வச்சிருக்காங்க மேடம். நான் கம்ப்யூட்டரைப் பூட்டாம போயிட்டேன்.”

சிக்னல் கையைக் கட்டிக்கொண்டான். “எல்லாரும் ஏன் என்னையே பாக்கறீங்க? வீட்டுல மாமியார் வாயைத் திறந்தா சின்ன மாப்பிள்ளை புராணம். இங்கயும் அதே பாட்டு. வயிறு எரியுதுதான். எரியறவன் எல்லாம் கொள்ளி வைக்கறதில்ல. சகலை, லாரி திரும்பற நேரத்தை நீயே கூட்டிப் போட்டிருப்ப, போய்ப் பாரு.”

“விடு மச்சான்,” என்று தோழனின் தோளைத் தட்டினான் புத்தகம். “பைக்கெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னா நாற்பத்தெட்டு ஆகத்தான் செய்யும். அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

தலைவி கணினியைத் தன் பக்கம் திருப்பி, உள்கணக்கைத் திறந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“மத்தியானம் எங்க இருந்தீங்க?”

“கேன்டீன்,” என்றான் சிக்னல்.

“கூட யாரு?”

“வயித்தெரிச்சல்.”

“நீங்க?”

“மொட்டை மாடி. தனியாத்தான்,” என்றான் புத்தகம்.

தலைவி ரவுண்டானா பக்கம் திரும்பினார். “நான் இதைத் திறக்கறதுக்கு முன்னாடி திரையில என்ன இருந்தது?”

“நாற்பத்தெட்டுங்கற எண் மட்டும்தான் மேடம்,” என்றான் ரவுண்டானா.

“பஸ், லாரி, கார், பைக்குன்னு நாலு வகை. எதுல தப்புன்னு தெரியாம உங்க சகலை லாரியைத் திட்டினார். ரோட்டுல போற எவனும் அதைத்தான் திட்டுவான். பைக்கை யாரு சந்தேகப்படுவா? கார் நின்னா ரெண்டு பக்கமும் எறும்பு மாதிரி பூந்து போயிடுமே! காலைக் கணக்குல, சுத்தற வண்டிங்க நடுவுல ஒரு இடைவெளி கிடைச்சா மூணு பைக் நுழையும். இப்ப ஒண்ணுதான். மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. பைக்கை வரிசையில நிறுத்தினது, நிறுத்தினவருக்கு மட்டும்தான் தெரியும். தம்பி, கையை அவர் தோள்லேர்ந்து எடுங்க.”

புத்தகத்தின் கை மெல்ல இறங்கியது.

“ஒரே பெஞ்ச் மேடம். இடைவெளிக் கணக்கை இவனுக்குச் சொல்லிக்குடுத்ததே நான். இவனுக்குக் கைதட்டினப்பல்லாம் நானும் தட்டினேன். எத்தனை நாளைக்குத் தட்டறது?”

“கேட்டிருந்தா உன் பேரையும் போட்டிருப்பேனேடா!”

“அதைக் கேட்டு வாங்கணுமாடா?”

புத்தகம் யாரையும் பார்க்காமல் வெளியேறினான். நாளைக் காலை விசாரணை என்று தலைவி சொன்னது அவன் முதுகில்தான் விழுந்தது.

தலைவி பழைய எண்ணை மீட்டார். பத்தொன்பது. கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடும் நேரத்தில் ரவுண்டானா தொண்டையைச் செருமினான்.

“மேடம், இடைவெளிக் கணக்கு முறை அவனோடதுன்னு ஒரு வரி சேருங்க. அது நிஜந்தானே.”

தலைவி ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு அந்த வரியைச் சேர்த்தார்.

“இதுக்குத்தான்டா சகலை உன்னைக் கண்டாலே எனக்குப் பிடிக்கறதில்ல,” என்றான் சிக்னல். கடிதத்தை வாங்கி, மடித்து, உறையிலிட்டு, பசை தடவினான். நகம் வெளுக்கும் அளவுக்கு ஓரத்தை அழுத்தி ஒட்டி, முத்திரை குத்தி, வாசலில் காத்திருந்த நகராட்சி ஊழியர் கையில் தானே கொண்டுபோய்க் கொடுத்தான்.