நாற்பத்தொன்பதாம் நாள்

ஒரகடத்தில் எந்த உணவகத்துக்குப் போனாலும் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும், அடுத்து நாக்கை நீட்ட வேண்டும். வாசலில் நிற்கும் பெண் வெற்றிலை அகலத்தில் ஒரு மெல்லிய தாளை நாக்கின் மேல் ஒற்றி எடுப்பாள். நாத்தாள் என்று பெயர். பச்சைக் குழந்தைகூட அதைப் பார்த்ததும் தானாக நாக்கை நீட்டும் அளவுக்கு ஊர் பழகிப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் செங்குட்டுவனும் நீட்டினார், மனைவி தில்லைநாயகியும் நீட்டினாள், மகள் நிறைமதியும் நீட்டினாள். "நூறு கிண்ணம்" என்ற அந்தக் கொரியக் கலப்பு உணவகத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எட்டு மாதம் முன்பே செங்குட்டுவன் பதிவு செய்து வைத்திருந்தார்; மூவரும் சேர்ந்து வெளியே சாப்பிட வந்தது இதுவே முதல் தடவை. அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சக ஊழியர்களின் காது புளித்துவிட்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த குடற்காய்ச்சல் ஊரில் பாதியை வாரிக்கொண்டு போன பிறகு, ஒருபந்திச் சட்டம் வந்தது. ஒரே சட்டியில் பல காலம் சேர்ந்து உண்பவர்களின் வயிற்றில் ஒரே வகை நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். அதுதான் குடல்தடம்; நாத்தாள் காட்டுவது அதைத்தான். தடம் ஒத்துப்போனால் ஒரு பந்தி. ஒத்துப்போகாதவர்கள் ஒருவர் கிண்ணத்தை இன்னொருவர் தொடக்கூடாது. ஒரு வீட்டில் வசிப்பது, ஒரு கட்டிலில் படுப்பது, முத்தம் கொடுப்பது எதுவும் கணக்கில் வராது. சட்டி ஒன்றாக இருக்க வேண்டும், நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாண வீட்டில்கூட ஆளுக்கொரு மூடிய பெட்டிதான். பந்தி என்ற சொல் மண்டபத்தை விட்டு அரசு அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

அந்த அலுவலகத்தில்தான் செங்குட்டுவன் இருபத்தாறு ஆண்டுகளாகப் பரிசோதகர். பந்தி விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். இந்த விருந்துக்கு அவர் ஆசைப்பட்டதற்கும் ஒரு விதிதான் காரணம். அன்று மாலையே நிறைமதி கொரியாவின் பூசானுக்குக் கிளம்புகிறாள், கப்பல் கட்டும் தளத்தில் ஐந்து வருட வேலை. அங்கே விடுதிப் பந்தியில் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சேர்ந்து சாப்பிட்டால் அவள் தடம் மாறிவிடும். அதன் பிறகு அவள் இந்த வீட்டுப் பந்தி இல்லை. மூவரும் ஒரே கிண்ணத்தில் கை வைப்பது இதுதான் கடைசித் தடவை.

மேசையில் கருமண் கிண்ணங்கள் பன்னிரண்டு வந்து அமர்ந்தன. சுறாப்புட்டு அடைத்த மாண்டு என்ற கொரியக் கொழுக்கட்டை, முருங்கைக்கீரை அடை, வத்தக்குழம்பில் ஊறிய அரிசிக்கேக், நெல்லிக்காய்க் கிம்ச்சி ஊறுகாய். எல்லாம் கண்ணாடி மூடிக்குள். மேசை தடம் பார்த்துத்தான் மூடியைத் திறக்கும்.

"அம்மா, நீ எனக்கு ஊட்டி விடுற மாதிரி இன்னிக்கு நான் உனக்கு ஊட்டி விடப்போறேன்" என்றாள் நிறைமதி.

"போடி, சின்னப் பிள்ளையாட்டம்" என்றாள் தில்லைநாயகி. முகமெல்லாம் சிரிப்பு.

மூடி திறக்கவில்லை. மேசை ஓரத்தில் இரண்டு விளக்குகள் பச்சையாக எரிந்தன. தில்லைநாயகியின் முன்னால் இருந்தது மட்டும் வெள்ளை.

உணவகத்தை நடத்தும் மின்ஹீ விரைந்து வந்தாள். கார்த் தொழிற்சாலைக்கு வந்த கொரியர்களின் பேத்தி, பிறந்தது பக்கத்து வல்லக்கோட்டையில். "சார், ஒரு நிமிஷம். மூணாவது சீட்டு ஒத்து வரலை."

"மெஷின் கோளாறா இருக்கும். வேற தாள் வைங்க. நான் பந்திப் பதிவகத்துல பரிசோதகர்."

"அதே தாளை மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன் சார். மேடம் உங்க பந்தி இல்லைன்னுதான் வருது."

அலுவலகத்தில் செங்குட்டுவனின் மேசைக்கு வரும் தகராறுகளில் முக்கால்வாசி இதுதான். கணவனுக்கும் மனைவிக்கும் தடம் ஒத்துவராது. தோண்டிப் பார்த்தால் இன்னொரு வீடு இருக்கும், இன்னொரு சட்டி இருக்கும். வெளிப்பந்தி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். போடுவதற்கு முன் எல்லோரிடமும் ஒரே குரலில் ஒரே கேள்வியைக் கேட்பார். யாரும் தப்பியதில்லை.

அந்தக் குரல் அவரை அறியாமல் வெளியே வந்தது. "எங்கே சாப்பிடுறே?"

தில்லைநாயகிக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"நம்ம வீட்ல இல்லைன்னா வேற எங்கே சாப்பிடுறே? யாரோட?"

பக்கத்து மேசையில் உண்குச்சிகள் நின்றன. தில்லைநாயகியின் சிரிப்பு அப்படியே முகத்தில் மாட்டிக்கொண்டது. வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடி துறைமுகத்தின் பளுதூக்கிகளை இயக்குகிறவள் அவள், நாற்பது டன் பெட்டியைக் கை நடுங்காமல் இறக்குவாள். இப்போது குவளையை எடுத்தவள் தண்ணீரை மேசையில் சிந்தினாள்.

"அப்பா!" நிறைமதியின் குரல் எழும்பியது. "என்ன பேசுறீங்க? யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"நான் பேசலைம்மா. தடம் பேசுது. தடம் பொய் சொல்லாது."

"அப்ப முழு அறிக்கையையும் படிங்க. பாதியைப் படிச்சுட்டு அம்மாவைக் கேள்வி கேக்காதீங்க." அவள் மின்ஹீ பக்கம் திரும்பினாள். "அக்கா, அதுல இன்னும் என்ன போட்டிருக்கு?"

மின்ஹீ கையிலிருந்த கைப்பலகைத் திரையைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். "சார் நினைக்கிற மாதிரி இல்லை. மேடம் தடத்துல வேற யாரோட தடமும் கலக்கலை. ஒருத்தரோடதும் இல்லை." கொஞ்சம் தயங்கினாள். "தனியர்னு வருது சார். இருபது வருஷத்துக்கு மேல."

செங்குட்டுவன் கைப்பலகையைப் பிடுங்கிப் படித்தார். அவருக்கு அந்தப் பிரிவு நன்றாகத் தெரியும். கலங்கரை விளக்கத்தில் தனியாகக் கிடப்பவர்கள், தனிச்சிறையில் இருப்பவர்கள், பிள்ளைகள் விட்டுப்போன கிழவர்கள். பூட்டிய வீட்டில் இறந்துகிடப்பவர்களின் நாக்கில்தான் அவர் அந்தத் தடத்தை அதிகம் பார்த்திருந்தார். அதே தடம் தன் மனைவியின் பெயருக்கு நேராக நின்றது.

"இதுக்குப் போயா இவ்வளவு?" என்றாள் தில்லைநாயகி. அவள் குரலில் உண்மையாகவே நிம்மதி தெரிந்தது; பழி நீங்கிய நிம்மதி. "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டப்புறம்தானே நான் சாப்பிடுறேன். உங்களுக்குச் சூடா வேணும், இவளுக்கு நடுவுல மோர் வேணும், அப்பளம் வேணும். எல்லாம் முடிஞ்சு நான் வர்றப்ப சட்டி ஆவிக்குப் போயிருக்கும். அதை எடுத்துச் சாப்பிடுவேன்."

ஆவிப்பெட்டி! அரை மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்கும் சட்டியைக் கொதியாவியில் வேகவைத்து, ஒரு நுண்ணுயிர்கூட மிஞ்சாமல் சுத்தம் செய்துவிடும் பெட்டி. மற்ற வீடுகளில் நேரத்தை இழுத்தடிப்பார்கள். பரிசோதகர் வீட்டில் அது முடியுமா? முப்பதாவது நிமிடத்தில் செங்குட்டுவனே எழுந்து சட்டியை உள்ளே தள்ளிப் பூட்டுவார். அடுப்படியில் மனைவி இருப்பாள். அவள் சாப்பிட்டாளா என்று பார்த்ததில்லை. சாப்பிட்டிருப்பாள் என்றுதான் நினைத்தார்.

"கல்யாணம் ஆனப்ப ஒத்து வந்துச்சே, தில்லை. நான்தானே பதிவு பண்ணேன்."

"அது ஒரு மண்டலம் சேர்ந்து உக்காந்து சாப்பிடணும்னு சட்டம் போட்டிருந்தாங்க. உக்காந்தேன். நாற்பத்தொன்பதாம் நாள் நீங்க ரசம் கேட்டீங்க, எந்திரிச்சேன்." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, துணியை எடுத்தேன் என்பதைப் போலச் சொன்னாள்.

நிறைமதி வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் தன் வாயில் சோற்றை வைத்த அந்தக் கையை அவளுக்கு ரேகை ரேகையாகத் தெரியும். அம்மா மென்று விழுங்குவதை ஒருமுறையாவது பார்த்திருக்கிறோமா என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கு ஃப்ளைட் வேண்டாம்" என்றாள். "நாற்பத்தெட்டு நாள் இங்கேயே இருக்கேன். அம்மாவோட உக்காந்து சாப்பிடுறேன்."

"வேலைக்கு யாருடி போவா? பேசாம இரு." தில்லைநாயகி அதட்டினாள். "திங்கக்கிழமை சேரலைன்னா அந்த இடம் போயிடும்னு நீதானே சொன்னே."

மின்ஹீக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விதிப்படி ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும். "மேடத்துக்குத் தனித்தட்டு வைக்கலாம் சார். நடுவுல கண்ணாடி வரும். மேடத்துக்கு என்ன பிடிக்கும்னு சொன்னீங்கன்னா…"

"அவளுக்கு…" என்று தொடங்கினார் செங்குட்டுவன். காரமா, புளிப்பா? மீன் சாப்பிடுவாளா? உணவுப் பட்டியல் அவர் கண்முன் விரிந்து கிடந்தது. ஒரு வரியைக்கூட அவரால் தொட முடியவில்லை. மகளைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது மிச்சம் இருக்கோ அதைக் குடும்மா" என்றாள் தில்லைநாயகி.

"இங்கே மிச்சம்னு எதுவும் இல்லைங்க அக்கா" என்றாள் மின்ஹீ மெதுவாக. மேடம் எப்போது அக்காவானாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் மின்ஹீயே ஏதோ தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தாள். மேசையின் நடுவிலிருந்து கண்ணாடி எழும்பியது. இந்தப் பக்கம் பன்னிரண்டு மூடிகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஆவி பறந்தது, எள்ளெண்ணெய் மணத்தது. அப்பாவும் மகளும் குச்சியைத் தொடவில்லை.

தில்லைநாயகி சாப்பிட்டாள். அவர்கள் இருவரும் பார்த்தார்கள். குனிந்து, வேகவேகமாக, எந்த நேரமும் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்பதைப் போல அவள் சாப்பிட்டாள். எது இனிப்பு, எது காரம் என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்கு நிமிடத்தில் தட்டு காலி. எட்டு மாதம் காத்திருந்த விருந்து அவளுக்கு நான்கு நிமிடம்.

வாயைத் துடைத்துக்கொண்டு தன்னியல்பாக எழுந்தாள். கணவனின் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தாள், மகளுடையதும் காலி. எட்டிக் கரண்டியை எடுக்கப் போனாள். கை கண்ணாடியில் மோதிய சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"ஏன் அப்படியே உக்காந்திருக்கீங்க?" கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மெலிதாக வந்தது. "ஆறிடப்போகுது. என்ன வைக்கட்டும்?"