தறிக்குழியும் மூன்று கூடை மண்ணும்

காஞ்சிபுரத்தில் தேவகி குடியிருந்த வாடகை வீட்டுக் கொல்லையில் புல்கூட முளைக்காது. முன்னால் இருந்தவர்கள் பட்டுநூலுக்குச் சாயம் போட்டு, சோடா கலந்த தண்ணீரை வருஷக்கணக்கில் அங்கேயே ஊற்றியிருந்தார்கள். மண் உப்புப் பூத்து வெளேரென்று கிடந்தது.

பதினோரு வயது தேவகிக்கு ஒரே பிடிவாதம். அங்கே அவரைக்கொடி படர்ந்தே ஆக வேண்டும். மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டிச் சுவரோரம் குவித்தாள். பால்காரர் வீட்டில் சாணி வாங்கி வந்தாள். கோயிலில் கழித்த மாலைகளைக் கேட்டு, அவற்றை அள்ளிப் போடும் வேணுகோபாலிடம் போனாள். சாமிக்குச் சாத்தியதைக் கால் மிதிக்கக் கூடாது என்று அவர் விரட்டினார். காலே படாது, புதைத்துவிடுகிறேன் என்று இவள் எட்டு நாள் நச்சரித்தாள். ஒன்பதாம் நாள் அவரே மாலைகளின் நாரை உரித்துவிட்டுப் பூவைக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் பிடித்தது. மண் கறுத்தது. மண்புழு வந்தது. எழுபத்திரண்டாம் வருஷத் தை மாதம் அவரை பந்தல் கொள்ளாமல் காய்த்தது. தெருவே வந்து வாங்கிப் போனது.

வீட்டுக்காரர் முனிரத்தினமும் ஒரு பை நிறையக் கொண்டுபோனார். அடுத்த வாரமே திரும்பி வந்தார். கல்யாணமான மகளுக்கு இந்தக் கொல்லை ரொம்பப் பிடித்துவிட்டதாம், அவள் குடிவரப் போகிறாளாம். தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்து தீரும்வரை மட்டும் இருந்துகொள்ளலாமாம். பெரிய மனசுதான்!

நெசவாளியான அப்பா ராஜவேலு சரியென்று தலையாட்டிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார்.  தேவகிக்கு முனிரத்தினத்தைவிட அப்பாமேல்தான் கோபம் அதிகம்.

பாவு தீர்ந்தது. தறியைக் கழற்றியதும், அப்பா கால்விட்டு மிதிக்கும் தறிக்குழி நடுவீட்டில் ஆவென்று கிடந்தது. முனிரத்தினம் எட்டிப் பார்த்தார்.

“குழிய மூடிட்டுப் போப்பா ராஜவேலு. கொல்லையில மண்ணு பொலபொலன்னு இருக்குதே, அத அள்ளிப் போடு.”

அப்பா மண்வெட்டியை எடுத்துவிட்டார். தேவகி ஓடிவந்து அதை வெடுக்கென்று பிடுங்கினாள். சுவரோரம் குவிந்திருந்த வெள்ளை மண்ணைக் கூடை கூடையாக அள்ளி வந்து குழியில் கொட்டினாள். அம்மா ஜெயம்மாள் தண்ணீர் தெளித்து மிதித்துக் கொடுத்தாள். குழி நிரம்பிவிட்டது.

பிறகு கொல்லைக்குப் போய் மூன்று கூடை கறுப்பு மண் அள்ளி மாட்டுவண்டியில் ஏற்றினாள். முனிரத்தினம் குறுக்கே வந்து நின்றார்.

“இன்னாமா இது? மண்ணு வூட்டோட சேந்தது.”

“உங்க மண்ணு குழியில இருக்குது மாமா.” தேவகி வண்டியிலிருந்த கூடைமேல் கை வைத்தாள். “இது நான் போட்ட சாணியும் பூவும். மிச்சத்த உங்க பொண்ணுக்கு வுட்டுட்டுத்தான் போறேன். சோடாத் தண்ணி மட்டும் ஊத்த வாணாம்னு சொல்லுங்க.”

வண்டிக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். முனிரத்தினம் ஏதோ முனகிக்கொண்டு வழிவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தார்.

புதுவீட்டுக் கொல்லை வெட்டாந்தரை. மூன்று கூடை மண்ணையும் பரப்பினால் ஒரு பாய் அகலத்துக்குத்தான் வந்தது. அதைப் பார்த்ததும் தேவகி தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு வருஷ உழைப்பில் மிஞ்சியது இவ்வளவுதானா?

உள்ளே தறிக்குழி தோண்ட வேண்டியிருந்தது. அதைத் தோண்டாமல் அப்பாவால் ஒரு முழம்கூட நெய்ய முடியாது. ஆனாலும் அவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முதலில் கொல்லைக்கு வந்தார்.

“எதுவரைக்கும் கொத்தணும், சொல்லுமா,” என்றார்.

தேவகி மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சுவர்வரை கையைக் காட்டினாள்.