பின்சீட்டில் ஒரு கேப்டன்

"ஃபெயில், சார்," என்றாள் பைக் பயிற்சி தருபவள்.

கேப்டனுக்குக் காது சூடேறியது. ராணுவ முகாமுக்குள் பைக் ஓட்ட வேண்டுமென்றால், சிப்பாயோ அதிகாரியோ, பாதுகாப்புப் பயிற்சியில் தேறி அட்டை வாங்கியே ஆக வேண்டும். அவனுக்குக் கீழே இருக்கும் சிப்பாய்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள். அவன் மட்டும்...

"காலேஜ் காலத்துல இருந்து ஓட்டுறேன் மேடம்."

"அதான் பிரச்சனை. வளைவுல முன்சக்கரத்தையே பாக்குறீங்க. போற வழியைப் பாருங்க. அடுத்த வாரம் மறுபடி வாங்க."

அந்தப் பயிற்சியாளரின் கண்கள் இருக்கின்றனவே... கண்டிப்பும் சிரிப்பும் ஒன்றாகக் குடியிருக்கும் கண்கள். நிம்மதியாகக் கோபப்படக்கூட விடவில்லை.

மறுநாள் காலை நல்ல மழை. பைக்கை முகாமுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வாசலிலிருந்து அலுவலகம்வரை நீளும் சாலையில் நனைந்துகொண்டே நடந்தான். சிப்பாய்கள் பைக்கில் கடந்து போனார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல். பக்கத்தில் இன்னொரு பைக் வந்து நின்றது. அவள்தான்.

"ஏறுங்க சார்."

"பரவால்ல, நடக்குறேன்."

"காய்ச்சல் வந்து படுத்துட்டா அடுத்த டெஸ்ட்டும் போச்சு. ஹெல்மெட்டை மாட்டிட்டு ஏறுங்க."

வீம்பு ஒரு பக்கம் இழுத்தது, மழை ஒரு பக்கம். ஏறினான். வளைவு வந்ததும் அவள் தலை சாலையின் மறுகோடிக்குத் திரும்பியது. வண்டி தானாக அந்தப் பக்கம் போயிற்று. அட... இவ்வளவுதானா?

அந்த வாரம் முழுக்க அவள்தான் வாசலில் ஏற்றிக்கொண்டாள். டெஸ்ட் நெருங்க நெருங்க அவன் மனசு கிடந்து தவித்தது. தேறிவிட்டால் இந்தப் பின்சீட் போய்விடும். வேண்டுமென்றே கோட்டை விடலாமா...? சே, அவளிடமா பொய்யாட்டம்? டெஸ்ட் அன்று வளைவில் நிமிர்ந்து வழியைப் பார்த்தான். தேறினான். அட்டையில் கையெழுத்துப் போடும்போது அவள் ஏனோ நிமிரவேயில்லை.

அடுத்த நாள் காலை, அதே சாலையில் கேப்டன் நடந்து போய்க்கொண்டிருந்தான். அவள் பைக் பக்கத்தில் நின்றது.

"பைக் எங்க சார்?"

"வெளியில நிக்குது."

"அட்டை?"

"பாக்கெட்ல இருக்கு."

"அப்புறம் எதுக்கு இந்த நடை?"

அவன் அவளை நேராகப் பார்த்தான். "உங்க பின்னாடி உட்காந்து வரணும்னு இருக்கு. இன்னைக்கு மட்டும் இல்ல... எப்பவும். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினாள். கன்னம் சிவந்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"பயிற்சித் திடலுக்கு இது வழியே இல்ல. எனக்குப் பின்வாசல்தான் பக்கம். உங்களுக்காக ஒரு வாரமா ஊரைச் சுத்தி வந்துட்டிருக்கேன்... ஏறுங்க."